தத்துவம் படிக்கப் போறீங்களா, மொதல்ல எதிராளியக் கண்டுபிடிங்க

காண்ட் புத்தகத்த டவுன்லோட் பண்ணேன், நாலு பக்கம் படிச்சேன், ஒரு வரி மண்டைல ஏறல, நமக்கு அந்த அளவுக்கு மூளை இல்ல போலன்னு விட்டுட்டேன். இப்படிச் சொல்ற ஆளுங்கள ராம்நாட்டுல இருந்து தங்கச்சிமடம் வரைக்கும் நான் பாத்துக்கிட்டே இருக்கேன். டிகிரி முடிச்ச பசங்க, வாத்தியாருங்க, வெளிநாட்டுல இருந்து லீவுல வந்தவங்கன்னு எல்லாருக்கும் இதே கதைதான். மூளைக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் இல்லங்க. மீன் ஏலத்துல சண்டை முத்திப்போயி கத்திக்கிட்டு இருக்கும்போது நடுவுல போயி நின்னா நமக்கு என்ன புரியும், யாரு யாரத் திட்டுறாங்கன்னே தெரியாது, சத்தம் மட்டும்தான் கேக்கும். தத்துவப் புத்தகமும் அப்படி பாதியில நடந்துக்கிட்டு இருக்குற ஒரு சண்டைதான். எழுதினவரு ஒருத்தருக்கு பதில் சொல்லிக்கிட்டு இருக்காரு, அந்த ஒருத்தரு யாருன்னு தெரியாம படிச்சா வரி எல்லாம் அந்தரத்துல தொங்கும்.

அதனால இந்த கைடுல நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போறது ஒரே விஷயம்தான், எந்தப் பக்கத்தத் தெறந்தாலும் "இவரு யாருக்கு பதில் சொல்றாரு"ன்னு கேளுங்க. மத்ததெல்லாம் அதுக்கு ஒத்தாசை.

தைரியத்துக்கு ஒரு கதை. கீழக்கரைல நம்ம காக்கா ஒருத்தரு இருக்காரு, முஸ்லிம் அண்ணன்மார எங்க பக்கம் காக்கான்னுதான் கூப்புடுவோம், கடை வச்சிருக்காரு, மதியம் கூட்டம் இல்லாத நேரத்துல கல்லாவுல உக்காந்து படிப்பாரு, அவருதான் இத எனக்குச் சொன்னது. இப்னு சீனா எவ்வளவு பெரிய ஆளு, பதினாறு பதினேழு வயசுலயே வைத்தியத்துல பேர் வாங்கினவரு. அவரே தன்னோட வாழ்க்கைக் குறிப்புல என்ன சொல்றாருன்னா அரிஸ்டாட்டிலோட மெட்டாஃபிசிக்ஸ 40 தடவ படிச்சாராம், மனப்பாடமே ஆயிருச்சாம், ஆனா எதுக்காக எழுதிருக்காருன்னு புரியலையாம். அப்புறம் சந்தையில ஒரு ஆளு மூணு திர்ஹத்துக்கு ஒரு சின்ன புத்தகத்த வம்பா தலைல கட்டிட்டுப் போனாரு, அது அல் ஃபாராபி அந்த மெட்டாஃபிசிக்ஸோட நோக்கத்தப் பத்தி எழுதினது. வீட்டுக்கு வந்து படிச்சவுடனே எல்லாம் தெளிஞ்சிருச்சாம், மறுநாள் ஏழைங்களுக்கு தர்மம் கொடுத்தாராம். காக்கா இதச் சொல்லிட்டு, "40 தடவ படிச்சவருக்கே கைடு வேண்டி இருந்துச்சு தம்பி, நீங்க ஒரு தடவ படிச்சிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி"ன்னு சிரிச்சாரு. நோக்கம் தெரியாம வரிகள மனப்பாடம் பண்ணி பிரயோஜனம் இல்லங்கிறதும், சின்ன விளக்கப் புத்தகம் படிக்கிறது கேவலம் இல்லங்கிறதும் இந்த ஒரு கதைலயே வந்துருது.

சரி, எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கிறது. பெரிய பேரப் பாத்து எடுக்காதீங்க, உங்கள ஏற்கனவே அரிச்சுக்கிட்டு இருக்குற கேள்வி எதுன்னு பாத்து எடுங்க. கடவுள் சொன்னதால ஒண்ணு நல்லதா, நல்லதா இருக்குறதால கடவுள் சொன்னாரான்னு எப்பவாவது யோசிச்சிருந்தீங்கன்னா பிளேட்டோவோட யூதிஃப்ரோ எடுங்க, ரொம்பச் சின்னது, ஒரு சாயங்காலத்துல முடிச்சிரலாம், அதுல ஒருத்தன் சொந்த அப்பா மேலயே கொலை கேஸ் போட்டுட்டு கோர்ட்டு வாசல்ல நிக்கிறான், அவன்கிட்ட போயி சாக்ரடீஸ் பேச்சு கொடுக்குறாரு. நாம பாக்குறதெல்லாம் நெசமா கனவாங்கிறது உங்க கேள்வின்னா தெகார்த். நாளைக்கு சூரியன் உதிக்கும்னு எப்படித் தெரியும்னு குடைச்சல் இருந்தா ஹியூம். பொதுவா எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாத்துட்டு வரணும்னா பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912ல எழுதின தி ப்ராப்ளம்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி, ஒல்லியான புத்தகம், சாதாரண ஆளுக்காகவே எழுதினது. ஹெகல் 1807ல எழுதின ஃபினாமினாலஜிய மொத புத்தகமா எடுக்கவே எடுக்காதீங்க, யாரு சொன்னாலும் சரி.

காண்டுதான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, அதையும் காண்டே போட்டுக் கொடுத்துட்டாரு. அவரோட பெரிய புத்தகம் கிரிட்டிக் ஆஃப் ப்யூர் ரீசன் 1781ல வந்துச்சு, படிச்ச அறிஞர்களே தப்பா புரிஞ்சுக்கிட்டு விமர்சனம் எழுதினாங்க, அவருக்குக் கடுப்பு, 1783ல ப்ரொலிகோமினான்னு ஒரு சின்ன புத்தகம் போட்டாரு. அதோட முன்னுரைல பெரிய புத்தகம் வறட்சியா, இருட்டா, நீளமா இருக்குன்னு ஜனங்க சொல்வாங்கன்னு அவரே ஒத்துக்கிறாரு. ஹியூமும் இதே மாதிரிதான், 1739ல ட்ரீட்டிஸ் போட்டாரு, அச்சுல இருந்து செத்தே பொறந்துச்சுன்னு பின்னாடி அவரே எழுதினாரு, அப்புறம் 1748ல அதே சரக்க சுருக்கி என்கொயரின்னு எளிமையா எழுதினாரு. எழுதினவங்களே நமக்காக சின்னதா ஒண்ணு எழுதி வச்சிருக்கும்போது நாம எதுக்குப் பெருசுல போயி முட்டிக்கணும்.

இங்கிலீஷ் பத்தி ஒண்ணு சொல்லணும். நம்ம பக்கம் பாதிப் பேரு தமிழ் மீடியம். புரியலன்னா தத்துவம் புரியலையா, இங்கிலீஷ் புரியலையான்னு மொதல்ல பிரிச்சுப் பாருங்க, ரெண்டும் வேற வேற வியாதி, மருந்தும் வேற. ஹியூமோட இங்கிலீஷ் கிட்டத்தட்ட முன்னூறு வருஷத்துக்கு முந்தினது, வாக்கியம் ரயில் கணக்கா போகும். ஜொனாதன் பென்னட்னு ஒரு தத்துவப் பேராசிரியர் இந்த மாதிரி பழைய நூல்கள இப்பத்திய இங்கிலீஷ்ல மாத்தி எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்னு ஒரு தளத்துல இலவசமா போட்டு வச்சுட்டுப் போயிருக்காரு, தெகார்த், ஹியூம், காண்ட் எல்லாம் இருக்கு. மொதல்ல அதுல படிங்க, அப்புறம் மூலத்துக்கு வாங்க. படிச்சத மட்டும் தமிழ்ல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, அதுவும் மேடைத் தமிழ்ல இல்ல, வீட்டுல பேசுற தமிழ்ல. சொல்ல வரலன்னா புரியலன்னு அர்த்தம், அவ்ளோதான்.

இங்கிலீஷே வேணாம், தமிழ்லயே ஆரம்பிக்கலாம்னா அதுக்கும் தாராளமா இடம் இருக்கு. மணிமேகலைல 27வது காதை, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. மணிமேகலை வஞ்சி நகரத்துல ஒவ்வொரு சமயக்காரன்கிட்டயும் போயி உன் கொள்கை என்னன்னு கேக்குறா, அளவைவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன்னு வரிசையா பேசுறாங்க. கடைசியா பூதவாதி, கண்ணால காண்றத மட்டும்தான் நம்புவேன் அனுமானம் எல்லாம் செல்லாதுங்கிற ஆளு. அவ சிரிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேக்குறா, உங்க அப்பா அம்மாவ அனுமானத்தால இல்லாம வேற எப்படி அறிவன்னு. ஒரே வரில ஆளு காலி. எதிராளி யாருன்னு தேடுற வேலையே இங்க இல்ல, கவிஞரே எல்லாரையும் கொண்டுவந்து நிறுத்திட்டாரு. உரையோட தமிழ் இணையக் கல்விக்கழகத்துல இருக்கு, மூலம் மட்டும்னா மதுரைத் திட்டத்துலயும் இருக்கு. சிவஞான சித்தியார்னு சைவ சித்தாந்த நூல் ஒண்ணு இருக்கு, அதுல இன்னும் சௌகரியம், பரபக்கம்னு ஒரு பகுதி முழுக்க மத்தவங்க கொள்கைகள எடுத்து வச்சு மறுக்குறது, சுபக்கம்தான் நம்ம கொள்கை. எதிராளிய மொதல்ல பேச விடணுங்கிறது நம்ம ஊரு நூல்கள்ல நூலோட கட்டமைப்பாவே இருக்கு, காண்ட் மாதிரி ஆளுங்ககிட்ட அத நாமதான் தோண்டி எடுக்கணும்.

இப்ப படிக்கிற முறைக்கு வருவோம். தெகார்த் தன்னோட ஒரு புத்தகத்துக்கு 1647ல பிரெஞ்சுல முன்னுரை எழுதும்போது எப்படிப் படிக்கணும்னு அவரே சொல்லிருக்காரு, எனக்குத் தெரிஞ்சு இத விட நல்ல அட்வைஸ் கிடையாது. மொத தடவ நாவல் படிக்கிற மாதிரி ஓட்டிருங்க, கஷ்டமான இடத்துல நிக்காதீங்க. ரெண்டாவது தடவ ஒண்ணுல இருந்து ஒண்ணு எப்படி வருதுன்னு பாத்துக்கிட்டே போங்க, முட்டுற இடத்துல பேனாவால கோடு போட்டுட்டு நிக்காம கடைசி வரைக்கும் போங்க. மூணாவது தடவ வரும்போது கோடு போட்ட இடத்துல பாதிக்கு மேல தன்னால அவிழ்ந்திருக்கும், மிச்சத்துக்கு இன்னொரு தடவ. நம்ம ஆளுங்க பண்றது நேர் மாறு, மொத தடவையே மொத பத்தியில நின்னு அத ஜெயிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவேன்னு மல்லுக்கட்டி, மூணாவது நாள் புத்தகம் அலமாரிக்குப் போயிரும். மொத பத்திக்கு விளக்கம் பல நேரம் பத்தாவது பக்கத்துலதான் இருக்கும்.

ரெண்டாவது தடவ படிக்கும்போது ஒரு நோட்டு வேணும். இங்க நான் மெய்கண்டார் எழுதின சிவஞானபோதங்கிற சைவ சித்தாந்த நூல்ல இருந்து ஒரு டெக்னிக்க உருவிக்கிட்டேன். மெய்கண்டார் 12 சூத்திரத்தையும் துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டுன்னு மூணு வச்சிருப்பாரு. மேற்கோள்னா இங்க அவரு நிறுவ வர்ற கருத்து, ஏதுன்னா அதுக்குக் காரணம். மொத சூத்திரத்தையே பாருங்களேன், அவன் அவள் அதுன்னு சுட்டிக்காட்டுற இந்த உலகம் தோன்றி நின்னு ஒடுங்குறதுங்கிறாரு. ஆமா இதுல என்ன இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு தாண்டிப் போயிருவோம். உரையப் பாத்தீங்கன்னாதான் தெரியும், உலகம் எப்பவும் இப்படியேதான் இருக்கு, அதுக்குத் தோற்றமும் கிடையாது, படைச்சவனும் தேவையில்லன்னு சொல்ற உலகாயதன் எதிர்ல நிக்கிறான். அவன அங்க நிறுத்துன உடனே மூணு வரி சூத்திரம் முறுக்கேறிரும், ஒவ்வொரு சொல்லும் அவன் வாய அடைக்க வந்திருக்குன்னு தெரியும். அதனால என் நோட்டுல நாலு வரி, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு, கீழ எதிராளி. எந்த நாட்டு ஆளு எழுதின எந்த பத்தியா இருந்தாலும் இந்த நாலு வரிக்குள்ள அடக்கப் பாருங்க. அடங்காத பத்திங்களும் இருக்கும், அது வெறும் முன்னேற்பாடாவோ வழிமாற்றமாவோ இருக்கும், அப்படியே எழுதி வச்சுட்டு நகருங்க.

ஹியூமோட என்கொயரில நாலாவது பகுதிய வச்சு பண்ணிக் காட்டுறேன். ஆதாமுக்கு புத்தி மொத நாள்லயே முழுசா இருந்துச்சுன்னே வச்சுக்கிட்டாலும் தண்ணி நெகிழ்வா, தெளிவா இருக்குறதப் பாத்து மட்டும் அது தன்ன மூச்சுத் திணற வைக்கும்னு அவனால கண்டுபிடிச்சிருக்க முடியாது, நெருப்போட வெளிச்சத்தையும் சூட்டையும் வச்சு அது தன்ன எரிச்சுரும்னும் தெரிஞ்சிருக்காதுன்னு ஒரு இடம் வரும். நோட்டுல இப்படி வரும்.

மேற்கோள்: ஒரு பொருள் என்ன விளைவக் கொடுக்கும்னு வெறும் யோசனையால கண்டுபிடிக்க முடியாது, அனுபவம் வேணும்.
ஏது: காரணத்த எவ்வளவு உத்துப் பாத்தாலும் விளைவு அதுக்குள்ள தெரியாது, ரெண்டும் தனித்தனி.
எடுத்துக்காட்டு: ஆதாமும் தண்ணியும்.
எதிராளி: உலகத்தோட கட்டமைப்ப புத்தியாலயே அளந்துரலாம்னு நினைக்கிறவங்க.

இதோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சா இல்ல, அடுத்த பாகத்துலதான் ஆளு கத்திய எடுக்குறாரு. சரி அனுபவத்துல இருந்துதான் தெரியும்னா, இதுவரைக்கும் நடந்தது இனிமேலும் நடக்கும்னு எந்த அனுபவத்துல இருந்து தெரிஞ்சுதுங்கிறாரு. இத புத்தகத்துல படிக்கும்போது வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும், அதனால இந்த மாதிரி இடத்துல நீங்க செய்ய வேண்டியது எழுதினவரோட உதாரணத்தத் தூக்கிப் போட்டுட்டு உங்க ஊரு உதாரணத்த வைக்கிறது. நான் எங்க பெரியப்பாகிட்ட போனேன், வாழ்க்கை பூரா கடல்ல கெடந்தவரு. கச்சான்னா தென்மேற்குக் காத்து, வாடைன்னா வடகிழக்குக் காத்து, கடல் ஆடுறதுன்னா கொந்தளிக்கிறது.

"பெரியப்பா, வர்ற வருசமும் கச்சானுக்கு தென்கடல்தான் ஆடுமா?"

"பின்ன வடகடலா ஆடும்? கச்சானுக்கு தென்கடல், வாடைக்கு வடகடல். பாம்பன்ல பொறந்துட்டு இதக் கேக்குற."

"இது வரைக்கும் அப்படித்தான், ஒத்துக்கிறேன். இனிமேலும் அப்படித்தான்னு எப்படித் தெரியும்?"

"எங்க அப்பாரு காலத்துல இருந்து அப்படித்தாண்டா இருக்கு."

"அதுவும் இது வரைக்கும் கணக்குலதான வரும்."

கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, "அப்ப கடலுக்குப் போவாதங்கிறியா"ன்னாரு.

இந்தக் கடைசிக் கேள்வி இருக்கே, ஹியூமப் படிக்கிற பாதிப் பேரு வழுக்கி விழுற இடம் இதுதான். ஹியூம் கடலுக்குப் போகாதன்னு சொல்லல, அவரும் பெரியப்பா பேச்ச நம்பித்தான் படகேறுவாரு. அவரு கேக்குறது நீ நம்புறது சரியா தப்பான்னு இல்ல, எந்த வாதத்த வச்சு அங்க இருந்து இங்க தாண்டுறங்கிறது மட்டும்தான். அடுத்த அஞ்சாவது பகுதில அவரே பதிலும் சொல்றாரு, வாதம் ஒண்ணும் இல்ல, பழக்கம்தான் நம்மளத் தாண்ட வைக்குதுன்னு.

நாங்க சேந்து படிக்கிற வட்டத்துல ஒரு தங்கச்சி இருக்கா, மண்டபத்துல இருந்து காலேஜுக்குப் போற பொண்ணு, அவ விடல. "அண்ணே, இது பழக்கம் இல்லையே, கச்சான் தென்மேற்குல இருந்து வருது, தென்கடல் அந்தப் பக்கம் தெறந்து கெடக்கு, வடகடலுக்கு நம்ம தீவும் கரையும் மறைப்பு, காரணம் தெளிவா இருக்குல்ல"ன்னா. ரொம்ப நல்ல எதிர்ப்பு, இந்த மாதிரி ஒண்ணு தோணுச்சுன்னா நோட்டுல பெருசா எழுதி வைங்க, ஆனா எழுதின கையோட ஹியூம் செத்தாருன்னு புத்தகத்த மூடாதீங்க. அவரு எடத்துல நின்னு பதில் சொல்லிப் பாருங்க. காத்து அடிச்சா அலை எழும்பும், மறைப்பு இருந்தா எழும்பாதுங்கிற அந்த விதிய எங்க இருந்து எடுத்த, அதுவும் இதுவரைக்கும் பாத்ததுல இருந்துதான, கேள்வி ஒரு படி கீழ போயிருச்சு, தீரலையேம்பாரு. இதுக்கு மேலயும் அவ பதில் வச்சிருந்தா, நாங்க அன்னைக்கு டீக்கடைய சாத்துற வரைக்கும் உக்காந்திருந்தோம். புத்தகத்துல மொத்தமா ஒரு பக்கம்தான் இது, ஆனா அந்த ஒரு பக்கத்த இப்படிப் படிச்சவனுக்கு 1783ல காண்ட் எதுக்கு ஹியூம்தான் என்னத் தூக்கத்துல இருந்து எழுப்புனாருன்னு எழுதினாருங்கிறது பாடம் நடத்தாமயே வெளங்கும். காண்டுக்கு எதிர்ல நிக்கிற ஆளுங்கள்ல முக்கியமானவர உங்களுக்கு இப்ப தெரியும், ப்ரொலிகோமினாவத் தெறந்தா முன்ன மாதிரி இருட்டா இருக்காது.

இதையே கீழக்கரை காக்கா வேற பக்கம் இழுத்துட்டுப் போனாரு. கஸ்ஸாலிங்கிற இஸ்லாமிய அறிஞர் 11ம் நூற்றாண்டு கடைசியிலயே பஞ்சையும் நெருப்பையும் வச்சு இதக் கேட்டிருக்காரு, நெருப்பு பட்டவுடனே பஞ்சு எரியிறதத்தான் பாக்குறோம், நெருப்பாலதான் எரிஞ்சுதுங்கிறத எங்க பாத்தோம்னு. அவரோட எதிராளி இப்னு சீனா வழில வந்த தத்துவக்காரங்க, அவரு காப்பாத்த நினைச்சது இறைவனோட வல்லமைய. ஹியூமுக்கு அந்தக் கவலை எல்லாம் கிடையாது. பாருங்க, கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணு, எதிராளி வேற, அதனால ரெண்டு பேரும் போயிச் சேர்ற இடமும் வேற. அதான் எதிராளியத் தேடுங்கன்னு உயிர வாங்குறேன்.

எதிராளி பேரு புத்தகத்துல இல்லன்னா என்ன பண்றது. அங்கதான் விளக்கப் புத்தகம், கலைக்களஞ்சியம் எல்லாம். ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் ஆன்லைன்ல இலவசம், ஆனா கட்டுரைகள் நீளம், ஆரம்பக்காரருக்கு பாதில மூச்சு முட்டும், மொத ரெண்டு பகுதி மட்டும் படிச்சுட்டு மூலத்துக்கு ஓடி வந்துருங்க. பத்து நிமிச வீடியோ, ஏஐகிட்ட சுருக்கம் கேக்குறது இதெல்லாம் நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், யாரு யாரோட மோதுறாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு சரி. ஆனா அதுல முடிவுதான் கிடைக்கும், வாதம் கிடைக்காது. ஹியூம் காரணகாரியத்த சந்தேகப்பட்டாருன்னு ஒரு வரி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, பெரியப்பா கேட்ட கேள்விக்கு அதுல இருந்து பதில் சொல்ல முடியாது. அப்புறம் சுருக்கம் தப்பா இருந்தாலும் மூலம் படிக்காத ஆளுக்கு அது தெரியப் போறதில்ல.

எவ்வளவு நேரம்னா அரை மணி நேரம் போதும், போன பக்கத்து ரூம்ல வச்சுட்டு. ரெண்டு பக்கம் நகந்தாலே நல்ல நாள்தான். ஒரு ஆளு ஒரு சொல்ல தனக்குன்னு ஒரு அர்த்தத்துல புழங்குறாருன்னு தோணுச்சுன்னா நோட்டுக் கடைசில குறிச்சு வைங்க.

தனியாப் படிக்கிறத விட மூணு நாலு பேரா படிக்கிறது நல்லது, அதுக்கு மேல போனா கூட்டம் ஆயிரும், ஒருத்தரு பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சிருவாரு. எங்க ஏரியால இதுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு காலம் இருக்கு, விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். நான் ஐஸ் கம்பெனில கணக்கு எழுதுறவன், எனக்கும் அப்ப வேலை கம்மி, பசங்களுக்கு பரிட்சை முடிஞ்சிருக்கும், டிரைவர்மாருங்க வலை பின்னிக்கிட்டு கரைல இருப்பாங்க. தெகார்த்தோட தியானங்கள், 1641ல வந்தது, மொத்தமே ஆறுதான். வாரத்துக்கு ஒண்ணு வச்சா ஆறு வாரம், மிச்சம் ரெண்டு வாரம் சொச்சம் இருக்கும், அத எதிர்ப்புகளுக்கு ஒதுக்குங்க. தெகார்த் ஒரு நல்ல காரியம் பண்ணாரு, புத்தகத்த அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஹாப்ஸ், ஆர்னோ, கஸ்ஸாந்தி மாதிரி ஆளுங்ககிட்ட சுத்துக்கு விட்டு அவங்க எழுதின எதிர்ப்பையும் தன்னோட பதிலையும் சேத்தே அச்சடிச்சாரு. எதிராளிங்க பைண்டிங்குக்குள்ளயே உக்காந்திருக்காங்க, வேற என்ன வேணும். மொத தியானத்த மாசக்கணக்கா, இல்லன்னா வாரக்கணக்காவாவது யோசிச்சுட்டு அப்புறம் அடுத்ததுக்கு வாங்கன்னுதான் அவரு ஆசைப்பட்டாரு, அவரு சொல்றபடி போனா நமக்கு கடல் தொறந்துரும், அதனால வாரம் ஒண்ணு.

அந்த வாரத்துக்கு ஒருத்தரு தெகார்த் கட்சி, ஒருத்தரு எதிர்க்கட்சி, அடுத்த வாரம் மாத்திக்கணும். மாத்துறதுதான் இதுல சூட்சுமமே, இல்லன்னா அவங்கவங்க தன்னோட கருத்தையே பேசிட்டுப் போயிருவாங்க. எதிர்க்கட்சிக்காரரு பேசுறதுக்கு முன்னாடி மத்தவரு சொன்னதத் திருப்பிச் சொல்லணும், சொன்னவரு "ஆமா இதத்தான் சொன்னேன்"னு ஒத்துக்கிட்டாதான் பேசலாம், இது ஒண்ணுதான் எங்ககிட்ட ரூல். சின்னப் பிள்ளத்தனமான கேள்வியா இருக்கேன்னு யாரும் வாய மூடிக்கிட்டு இருக்கக் கூடாது. மனசுக்கு நீளம் அகலம் எதுவும் இல்ல, உடம்பு தனி மனசு தனின்னு தெகார்த் சொன்னப்ப, அப்ப மனசு எப்படி உடம்ப அசைக்குதுன்னு 1643ல லெட்டர் போட்டுக் கேட்டது பொஹீமியா இளவரசி எலிசபெத், இருபத்தஞ்சு வயசு கூட ஆகாத பொண்ணு. எவ்வளவு சாதாரணமான கேள்வி, தெகார்த் அதுக்கு சொன்ன பதிலு யாருக்கும் இன்னைக்கு வரைக்கும் திருப்தியா இல்ல.

ஒரு எச்சரிக்கை, இது கொஞ்சம் படிச்சதுக்கு அப்புறம் வர்ற வியாதி. நாலு பேரு பேரத் தெரிஞ்சுக்கிட்டு டீக்கடைல அடுத்தவன மெரட்டுறது. தாயுமானவர் சமாதி நம்ம ராமநாதபுரத்துல லட்சுமிபுரத்துல இருக்கு, போயிட்டு வந்தவங்க நிறைய, ஆனா சித்தர்கணத்துல அவரு தன்னையே வச்சு இந்த வியாதிய எழுதிருக்குறதப் படிச்சவங்க கம்மி. ஒருத்தன் ஞானம் பேசினா நான் கர்மம்தான் முக்கியம்பேன், அவன் கர்மம்னா நான் ஞானம்பேன், வடமொழி தெரிஞ்சவன் வந்தா தமிழ்ல இருக்குன்னு விவகாரம் பண்ணுவேன், தமிழறிஞன் வந்தா வடமொழி வசனத்த எடுத்து விடுவேன், யாரையும் ஜெயிக்காம எல்லாரையும் மருட்டிவிடுற இந்த வித்தை எனக்கு முத்தி தருமாங்கிறாரு. 18ம் நூற்றாண்டுல எழுதினது, இன்னைக்கு எந்த வாட்ஸாப் குரூப்புல வேணாலும் இந்த ஆளப் பாக்கலாம். எதிராளியத் தேடுங்கன்னு நான் சொல்றது புத்தகத்துக்குள்ள, டீக்கடைல இல்ல.

எவ்வளவு முட்டியும் ஒரு பத்தி அசைய மாட்டேங்குதுன்னா, எழுதினவரு மேலயும் தப்பு இருக்கலாம். பெரிய ஆளுங்களும் மோசமா எழுதுவாங்க, வாதத்துல ஓட்டை இருக்குற இடத்துல மொழி குழம்புறது உண்டு. ஆனா அந்த முடிவுக்கு மொத வாரத்துல வராதீங்க, மூணாவது ரவுண்டு முடிஞ்சு, எதிராளி யாருன்னு தெரிஞ்சு, கூடப் படிக்கிறவங்களுக்கும் அதே இடத்துல முட்டுதுன்னா அப்ப ஓரத்துல "இங்க சொதப்பிட்டாரு"ன்னு தாராளமா எழுதலாம். முடிக்கணும்னு ஒரு கட்டாயமும் கிடையாது. ரெண்டு தியானம் ஒழுங்கா படிச்சவரு ஆறையும் ஓட்டினவர விட நல்லாப் பேசுறத நான் பாத்திருக்கேன்.

வர்ற தடைக்காலத்துலயே ஆரம்பிக்கிறதுன்னா, பென்னட் தளத்துல இருந்து மொத தியானத்த மட்டும் எடுங்க, சில பக்கந்தான் வரும். போன்ல படிக்காதீங்க, கோடு போட முடியாது. பேப்பர்ல ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் போடச் சொல்லுங்க, வரிக்கு வரி டபுள் இடைவெளி விட்டு, ஓரத்துல நாலு விரக்கடை இடம் விட்டு, ஆளுக்கு ஒரு செட்டு. பேப்பர் வேஸ்ட்டு அண்ணே, ரெண்டு பக்கமும் போட்டா பாதிக் காசுதான்னு ஜெராக்ஸ் கடைத் தம்பி சொல்லுவான். பரவால்ல, பின்பக்கம் நோட்டு எழுதுறதுக்குன்னு சொல்லிருங்க.